ரிப்போர்ட் எல்லாம் நார்மல், உடம்பு மட்டும் நார்மலாக இல்லை

கொல்லைப்புறம் (செவ்வாய், இரவு 11.52)

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 39 வயது. கும்பகோணம் பக்கம். ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை, ஃபீஸ் வாங்குவதிலிருந்து டிசி எழுதுவது வரை எல்லாம் என் தலையில். வீட்டில் அத்தைக்கு (மாமியார், 76 வயது) மூன்று வருடமாக மறதி நோய். ஆரம்பத்தில் சாவியை அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டு வீடெல்லாம் தேடுவார், நாங்களும் சிரித்துக்கொண்டோம். இப்போது ராத்திரி இரண்டரைக்கு எழுந்து "எங்கம்மா வந்து நிக்கிறா, கதவைத் தொறடி" என்று தாழ்ப்பாளைப் பிடித்து ஆட்டுகிறார். தினமும் இல்லை. வாரத்தில் மூன்று நாள் இருக்கும், சில வாரம் ஐந்து. எந்த நாள் என்று தெரியாது, அதுதான் கொடுமை. ஒரு தடவை தெருமுனை வரை போய்விட்டார், பால்காரர் பார்த்துக் கூட்டிவந்தார். அன்றிலிருந்து ஹாலில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுத்தான் படுக்கிறேன். வீட்டுக்காரர் காலை எட்டுக்குப் போனால் ராத்திரி எட்டரை. பையன் பத்தாவது. பகலில் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் வந்து பார்த்துக்கொள்கிறார்.

இப்போது என் கதை. ஆறேழு மாதமாக முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. காலையில் எழுந்தால் தாடை வலி, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேனாம், பையன் சொல்கிறான். நெஞ்செரிச்சல். மாதவிலக்கு நாற்பது நாள், ஐம்பது நாள் என்று தள்ளிப்போகிறது. நாலு மாதத்தில் மூன்று தடவை சளி. அப்புறம் அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கும்போது ஆள்காட்டி விரலில் ஒரு வெட்டு, அரை அங்குலம்கூட இல்லை, ஐந்து வாரம் ஆகிறது, இன்னும் மூடவில்லை. அத்தை எழுந்திருக்காத நாளிலும் இரண்டரைக்கு டாண் என்று எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

டாக்டரிடம் போனேன். சுகர், தைராய்டு, இசிஜி, ரத்தம் எல்லாம் எடுத்தார்கள். "எல்லாம் நார்மல். டென்ஷன் ஆகாதீங்கம்மா, ரிலாக்ஸா இருங்க" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். என் கேள்வி ஒன்றுதான். டென்ஷன் என்பது மனசு சம்பந்தப்பட்டது. அது எப்படி விரல் காயத்தை ஆறவிடாமல் செய்யும்? நானே கற்பனை செய்துகொள்கிறேனா?

சமநிலை (புதன், காலை 6.10)

கவலையை விடுங்கள் சகோதரி. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து அரை மணி நேரம் பிராணாயாமம், மாலை 45 நிமிடம் நடை, இரவு ஒன்பதுக்குள் தூக்கம். மனதை லேசாக வைத்துக்கொண்டால் எல்லாம் தானாகச் சரியாகும்.

கொல்லைப்புறம் (புதன், காலை 6.25)

இரவு ஒன்பதுக்குள் தூங்கச் சொல்கிறீர்கள். அந்த நேரத்தில் நான் அத்தைக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருப்பேன் சார். நன்றி.

வார்டு டூட்டி (புதன், காலை 7.45)

நைட் முடிந்து பஸ்ஸில் வருகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும். 18 வருடமாக நர்ஸ். முதலில் ஒன்று: நீங்கள் கற்பனை செய்யவில்லை. ஆனால் டென்ஷன் என்று ஒரே மூட்டையில் எல்லாவற்றையும் கட்டிப்போடவும் எனக்கு மனசில்லை. ரத்த ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் எவ்வளவு? சுகர் என்றால் வெறும் வயிற்றில் பார்த்ததா, மூன்று மாத சராசரியும் பார்த்தார்களா? அந்த விரல் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தண்ணீரில் இருக்கிறது?

கொல்லைப்புறம் (புதன், காலை 8.02)

மூன்று மாத சுகர் 5.4. ஹீமோகுளோபின் 10.1, "பொம்பளைங்களுக்கு இப்படித்தான் இருக்கும்" என்றார்கள். விரல் எப்போதும் தண்ணீரில்தான். பாத்திரம், துணி, அத்தையைக் குளிப்பாட்டுவது. பிளாஸ்டர் போட்டால் ஒரு மணி நேரத்தில் ஊறி வந்துவிடும்.

வார்டு டூட்டி (புதன், காலை 8.09)

10.1 நார்மல் இல்லை. கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்றுதான் கணக்கு. "பொம்பளைங்களுக்கு இப்படித்தான்" என்ற வசனத்தை எத்தனை டிஸ்சார்ஜ் சீட்டில் பார்த்திருக்கிறேன், எனக்கே கோபம் வருகிறது. மறுபடி போய் இரும்புச்சத்து பற்றிக் கேளுங்கள். முடி கொட்டுவதில் அதற்கும் பங்கு இருக்கலாம். மாத்திரை கொடுத்தால் டீ காபியோடு போடாதீர்கள், ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு, எலுமிச்சைச் சாறோடு போடுங்கள்.

ஆனால் இதை வைத்து டென்ஷன் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. உங்களைப் போன்ற ஆட்களை வைத்தே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது, படிப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். 1995இல் அமெரிக்காவில் ஓஹையோவில் செய்தது. மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் 13 பேர், அதே வயது, அதே வருமானம், ஆனால் அந்தச் சுமை இல்லாதவர்கள் 13 பேர். எல்லோருக்கும் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரிச் சின்னக் காயம் உண்டாக்கி, எத்தனை நாளில் ஆறுகிறது என்று பார்த்தார்கள். சுமை இல்லாதவர்களுக்குச் சராசரி 39 நாள். பார்த்துக்கொள்கிறவர்களுக்கு 48 நாளுக்கு மேல்.

கொல்லைப்புறம் (புதன், காலை 8.15)

ஸ்கூல் வேனில் இருக்கிறேன். இதைப் படித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பக்கத்து டீச்சர் என்ன என்று கேட்கிறார்.

சந்தேகப்பேர்வழி (புதன், காலை 10.30)

மன்னிக்கவும், குறுக்கே வருகிறேன். 26 பேரை வைத்து என்ன சொல்ல முடியும்? ஸ்ட்ரெஸ் என்பது மருத்துவர்களுக்குக் காரணம் தெரியாதபோது கைகொடுக்கும் சொல். அல்சர் கதை ஞாபகம் இருக்கிறதா? பல பத்தாண்டுகள் வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் கவலை, காரம், ஆபீஸ் டென்ஷன் என்று சொல்லி நோயாளிகளைப் பால் குடிக்க வைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் 1984இல் ஒரு பாக்டீரியாவை வளர்த்து அந்தத் தண்ணீரைத் தானே குடித்து, சில நாளில் இரைப்பை வெந்துபோய், கிருமிதான் காரணம் என்று காட்டினார். 2005இல் ராபின் வாரனோடு சேர்த்து நோபல் கொடுத்தார்கள். கொல்லைப்புறத்துக்கு நர்ஸ் அம்மா கேட்ட ஹீமோகுளோபின் கேள்விதான் உபயோகமான கேள்வி. மற்றதெல்லாம் ஆறுதல்.

பழைய கரும்பலகை (புதன், மதியம் 2.20)

மருத்துவக் கல்லூரியில் உடலியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். சந்தேகப்பேர்வழி சொன்ன அல்சர் கதை சரி, அந்த அடி எங்கள் துறைக்குத் தேவையாகவும் இருந்தது. இன்னும் ஒரு அடியை நானே எடுத்துத் தருகிறேன். ஸ்ட்ரெஸ் என்ற சொல்லை உலகம் முழுக்கப் பரப்பிய ஹான்ஸ் செல்யே பிற்காலத்தில் சிகரெட் கம்பெனிகளிடம் பணம் வாங்கினார். இதயநோய்க்குப் புகையைவிட ஸ்ட்ரெஸ்தான் காரணம் என்று பேச அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது.

ஆனால் அவர் 1936இல் கண்டது பொய் இல்லை. மான்ட்ரியலில் எலிகளுக்குச் சினைப்பைச் சாறு ஊசி போட்டுப் புது ஹார்மோன் தேடினார். அறுத்துப் பார்த்தால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி வீங்கி, நோய் எதிர்ப்புக்கான தைமஸ் சுரப்பி சுருங்கி, இரைப்பையில் புண். ஹார்மோன் கிடைத்துவிட்டது என்று துள்ளினார். பிறகு சும்மா ஃபார்மலின் போட்டாலும் அதே மூன்று. குளிரில் விட்டாலும் அதே மூன்று. எதனால் அடி விழுந்தாலும் உடம்பு ஒரே மாதிரிதான் பதில் சொல்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது.

இப்போது அம்மாவின் விரலுக்கு வருகிறேன். ஆபத்து என்று மூளை முடிவு செய்தால் முதலில் அட்ரினலின், நொடிக்கணக்கில். இதயம் தடதடக்கும், வயிற்றுக்குப் போகும் ரத்தம் கைகாலுக்குத் திரும்பும், வாய் உலரும். சில நிமிடம் கழித்து இரண்டாவது ஆள் வருவார், கார்டிசால். மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸ் அதற்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அட்ரினலுக்குச் சொல்ல, அங்கிருந்து ரத்தத்தில் இறங்குவார். இவர் வேலை சர்க்கரையைக் கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுப்பது, இப்போதைக்கு அவசரம் இல்லாத செலவையெல்லாம் நிறுத்திவைப்பது. தீப்பிடித்த வீட்டில் யாரும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கமாட்டார்கள் இல்லையா. மாதவிலக்கு, செரிமானம், காயம் ஆற்றுவது எல்லாம் அந்தச் சுண்ணாம்பு வேலைதான். காயம் ஆறுவதன் முதல் கட்டமே அந்த இடம் சிவந்து, வெள்ளணுக்கள் வந்து குவிவது. கார்டிசால் அதைத்தான் அடக்கும். ஆஸ்துமாவுக்கோ மூட்டு வாதத்துக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்குக் காயம் சீக்கிரம் ஆறாது என்று எல்லா டாக்டருக்கும் தெரியும். அந்த மாத்திரையும் கார்டிசாலும் ஒரே குடும்பம். மாத்திரையாக வந்தால் நம்புகிறோம், உடம்பே சுரந்தால் "மனசு" என்கிறோம்.

26 பேர் போதாது என்பது நியாயம். அதே குழுவினர் 1998இல் பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரிடம் இன்னொன்று செய்தார்கள். மேல் அண்ணத்தில் ஒரு சின்னக் காயம், ஒரு தடவை கோடை விடுமுறையில், ஒரு தடவை பரீட்சைக்கு முன்னால். அதே ஆள், அதே வாய். பரீட்சை நேரத்தில் சராசரியாக மூன்று நாள் அதிகம் ஆனது.

சந்தேகப்பேர்வழி (புதன், மதியம் 2.41)

26லிருந்து 11க்கு இறங்கிவிட்டீர்கள் சார் 😀

பழைய கரும்பலகை (புதன், மதியம் 3.05)

சரி, பெரிய எண்ணிக்கையும் தருகிறேன். இங்கிலாந்தில் சாலிஸ்பரியில் சளிக்காகவே ஓர் ஆய்வு நிலையம் இருந்தது. அங்கே ஆரோக்கியமான 394 பேரின் மூக்கில் சளி வைரஸை வேண்டுமென்றே சொட்டவிட்டார்கள், 1991இல் வெளியான ஆய்வு. முன்னதாகவே அவரவர் மன அழுத்தத்தைக் கேள்வித்தாள் வைத்து அளந்திருந்தார்கள். அழுத்தம் கூடக் கூட சளி பிடிக்கும் வாய்ப்பும் படிப்படியாகக் கூடியது. காரணம் வைரஸ்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லார் மூக்கிலும் சொட்டிய வைரஸ் எல்லாரையும் ஒரே மாதிரி படுக்கவைக்கவில்லை. அம்மாவின் மூன்று சளிக்கும் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். பள்ளிக்கூட ஆபீஸில் வேலை, பிள்ளைகள் தும்மத்தான் செய்வார்கள்.

சந்தேகப்பேர்வழி (புதன், மாலை 4.00)

394 ஒப்புக்கொள்கிறேன். மற்றதை நாளை பேசுவோம்.

பழையசோறு (புதன், இரவு 8.15)

என்ன காலம் இது. எங்கள் பாட்டி ஒன்பது பிள்ளை பெற்று, மாமியார், நாத்தனார், கொழுந்தன் எல்லாரையும் பார்த்து, ஒரு நாள் டென்ஷன் என்று சொன்னதில்லை. மாமியாரைப் பார்ப்பது கடமை. இதற்குப் போய் ஆராய்ச்சி, ஹார்மோன்.

இரண்டாம் ஷிப்ட் (புதன், இரவு 9.30)

பழையசோறு ஐயா, உங்கள் பாட்டி வீட்டில் மொத்தம் எத்தனை பேர்? எங்கள் பாட்டி வீட்டில் பதினாறு. கொள்ளுப்பாட்டிக்குப் புத்தி பேதலித்தபோது ராத்திரி திண்ணையில் யாராவது இரண்டு பேர் படுத்திருப்பார்கள், பக்கத்து அறையில் சித்தி, அதற்கு அடுத்ததில் பெரியம்மா. ஒருத்தி எழுந்தால் மற்றவர்கள் தூங்குவார்கள். அந்த வேலை பதினாறு பேருக்குப் பிரிந்திருந்தது. இந்த அம்மா பதினாறு பேர் வேலையைத் தனியாகப் பார்க்கிறார், கும்பகோணத்தில், கீழே பாய் போட்டு.

நானும் அப்பாவைப் பார்த்தவன். பக்கவாதம், இரண்டேகால் வருடம். என் கடைவாய்ப்பல் ஒன்று கடித்துக் கடித்தே விரிசல் விட்டது. எங்கள் வீட்டில் நிலைமையை மாற்றியது தியானம் இல்லை, அண்ணன். சண்டை போட்டு, அழுது, கடைசியில் வாரத்தில் இரண்டு இரவு அண்ணன், ஓர் இரவு சம்பளத்துக்கு ஒரு ஆள் என்று பேசி காலண்டரில் எழுதி மாட்டினோம். ஒன்று கவனியுங்கள். அண்ணன் "முடிஞ்சப்ப வரேன்டா" என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அவன் வந்த நாளிலும் எனக்குத் தூக்கம் வராது. செவ்வாய், வெள்ளி என்று எழுதினபிறகுதான் வந்தது.

பழைய கரும்பலகை (புதன், இரவு 10.12)

இரண்டாம் ஷிப்ட் சொன்ன கடைசி வரியை எல்லாரும் இன்னொரு தடவை படியுங்கள். 1970ஐ ஒட்டிய வருடங்களில் நியூயார்க்கில் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜே வைஸ் என்பவர் எலிகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார் (பாவம் எலிகள், எங்கள் துறையின் பாவக்கணக்கு பெரியது). இரண்டு எலிக்கும் அதே எண்ணிக்கை, அதே வலி. ஒன்றுக்கு மட்டும் அதிர்ச்சிக்கு முன்னால் ஒரு சத்தம் வரும். அந்த எலிக்கு இரைப்பைப் புண் வெகுவாகக் குறைவு. சத்தம் வராத நேரத்தில் அது நிம்மதியாக இருந்துவிடும். மற்றதற்கு நிம்மதியான நேரம் என்று ஒன்று கிடையாது.

அம்மா முதல் பதிவிலேயே எழுதினார், "எந்த நாள் என்று தெரியாது, அதுதான் கொடுமை" என்று. நான் மூன்று பத்தியில் எழுதியதை அவர் ஒரு வரியில் எழுதிவிட்டார். அத்தை எழுந்திருக்காத இரவிலும் உடம்பு காவலுக்கு நிற்கிறது. காவல்காரன் திருடன் வராத நாளில் மட்டும் தூங்க முடியுமா? இன்னொருவன் வந்து "நீ போ, நான் நிற்கிறேன்" என்றால்தான் அவன் கீழே உட்காருவான்.

மனிதர்களிலும் இதன் சாயலைக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. லண்டனில் 1967இல் அரசு ஊழியர்களை எடுத்து வருடக்கணக்கில் தொடர்ந்தார்கள். முடிவெடுக்கும் மேலதிகாரிதான் டென்ஷனில் செத்துப்போவார் என்று எல்லாரும் நினைத்தோம். தலைகீழ். கடைநிலையில் இருந்தவர்களின் இறப்பு விகிதம் உச்சியில் இருந்தவர்களைவிட மூன்று மடங்கு. புகை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்தாலும் மீதி நின்றது. அடுத்த ஆய்வில், தன் வேலையில் தன் கைக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதும் ஒரு காரணமாகத் தெரிந்தது.

பழையசோறு (புதன், இரவு 10.40)

[இந்தப் பதிவு நெறியாளரால் நீக்கப்பட்டது. மாற்றுக்கருத்து சொல்லலாம், ஒருவரின் பெற்றோர் வளர்ப்பை இழுக்கக் கூடாது.]

கொல்லைப்புறம் (வியாழன், அதிகாலை 3.15)

எழுந்துவிட்டார், சமாதானம் செய்து படுக்கவைத்தேன். எனக்கு இனிமேல் தூக்கம் இல்லை.

நீக்கப்பட்ட பதிவை நான் படித்துவிட்டேன். பரவாயில்லை. அவர் சொல்வதைவிட மோசமாக நானே என்னைச் சொல்லிக்கொள்கிறேன். போன வாரம் தாழ்ப்பாளிலிருந்து அத்தையின் கையை வேகமாகப் பிடித்து இழுத்துவிட்டேன். மணிக்கட்டு சிவந்துவிட்டது. காலையில் அவருக்கு ஞாபகமே இல்லை, என்னைப் பார்த்துச் சிரித்து "காபி குடிச்சியாடி" என்கிறார். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நாத்தனார் கோயம்புத்தூரில். போனில் "அண்ணி, உங்களை மாதிரி யாரும் அம்மாவைப் பாத்துக்க முடியாது" என்பாள். அது பாராட்டா, பூட்டா என்று புரியவில்லை. சில நாள் பேசாமல் எங்கேயாவது போய்விடலாம் என்று தோன்றுகிறது.

வார்டு டூட்டி (வியாழன், அதிகாலை 3.22)

நானும் விழித்திருக்கிறேன், டூட்டி. நேராகக் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போய்விடலாம் என்றால் உயிரை விட்டுவிடலாம் என்றா?

கொல்லைப்புறம் (வியாழன், அதிகாலை 3.26)

ஐயோ இல்லை அக்கா. ராமேஸ்வரம் பஸ் ஏறிப்போய் ஒரு லாட்ஜில் ரூம் போட்டு இரண்டு நாள் தூங்கணும். கோயிலுக்குக்கூடப் போகமாட்டேன்.

வார்டு டூட்டி (வியாழன், அதிகாலை 3.40)

நல்லது, சிரித்துவிட்டேன். ஆனாலும் 14416 என்ற எண்ணை போனில் போட்டு வையுங்கள். டெலிமானஸ், மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, 24 மணி நேரமும் காசில்லாமல் தமிழிலேயே பேசலாம். சாக நினைப்பவர்களுக்கு மட்டும் என்று இல்லை, உங்களைப் போல மூன்று மணிக்கு உட்கார்ந்திருப்பவர்களுக்கும்தான்.

இரண்டு விஷயம். ஒன்று, அத்தைக்கு இந்த ராத்திரிக் கலவரம் எப்போதிலிருந்து அதிகம்? திடீரென்று கூடியிருந்தால் ஒரு யூரின் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். வயசானவர்களுக்குச் சிறுநீரில் கிருமி இருந்தால் எரிச்சல் என்று சொல்லத் தெரியாது, குழப்பம்தான் கூடும். மலச்சிக்கல், எங்காவது வலி, புது மாத்திரை எல்லாவற்றையும் பாருங்கள். வார்டில் "பேய் பிடித்துவிட்டது" என்று கூட்டிவந்த பாட்டிகள் ஆன்டிபயாட்டிக் போட்ட நாலாம் நாள் பேரன் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு, அத்தைக்குக் கொடுக்கும் தூக்க மாத்திரையை நீங்கள் பாதி போட்டுப் பார்க்க வேண்டாம். போட்டிருப்பீர்கள் என்று தெரியும், எல்லாரும் போடுகிறார்கள். அப்புறம் நெஞ்சில் அழுத்தம், இடது கை வலி, வியர்த்துக்கொட்டினால் டென்ஷன் என்று நீங்களே முடிவு செய்யாமல் உடனே போகவேண்டும். துக்கத்திலேயே இதயம் பலூன் மாதிரி உப்பிப்போகும் நிலை ஒன்று உண்டு, ஜப்பானில் கண்டுபிடித்து ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயரை வைத்தார்கள், டாகோட்சுபோ. மாதவிலக்கு நின்ற பெண்களுக்குத்தான் பெரும்பாலும் வரும், பயமுறுத்தச் சொல்லவில்லை.

கையை இழுத்ததைப் பற்றி: கெட்டவள் என்று அர்த்தம் இல்லை. ஒற்றை ஆளாக நைட் டூட்டி மாதக்கணக்கில் எந்த ஆஸ்பத்திரியிலும் போடமாட்டார்கள். ஏன் போடமாட்டார்கள் என்று யோசியுங்கள்.

வடமராட்சி வெயில் (வியாழன், காலை 9.50)

யாழ்ப்பாணத்தில் இருந்து. எங்கட பக்கம் டொக்டரிட்டப் போய் ஒருத்தரும் ஸ்ட்ரெஸ் என்று சொல்லமாட்டினம். "ஒரே யோசினையாக் கிடக்கு", "நெஞ்சுக்குள்ள ஏதோ அடைக்குது", "உடம்பெல்லாம் உளையுது" என்றுதான் சொல்லுவினம். அம்மாவுக்கு 2009க்குப் பிறகு வருடக்கணக்காகத் தோள்மூட்டு உளைவு. எக்ஸ்ரேயில ஒண்டுமில்லை. ஒண்டுமில்லை என்று சொன்ன டொக்டரிட்ட அம்மா பிறகு போகவேயில்லை. "உளையிறது உண்மை, ஏன் உளையுது எண்டு பாப்பம்" என்று சொன்னவரிட்டத்தான் போனவ. உங்கட விரலும் அப்படித்தான் அக்கா.

கொல்லைப்புறம் (வெள்ளி, இரவு 9.20)

யூரின் டெஸ்ட் கொடுத்திருக்கிறோம். கரும்பலகை சார், மூச்சுப்பயிற்சி என்று யாராவது சொன்னாலே எரிச்சல் வருகிறது, அதில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா?

பழைய கரும்பலகை (வெள்ளி, இரவு 10.05)

இருக்கிறது, கொஞ்சம். சமநிலை சொன்ன அரை மணி நேரமெல்லாம் வேண்டாம். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுங்கள், அதைவிட மெதுவாக விடுங்கள். விடும்போது நாடி தாமதமாவது விரலுக்கே தெரியும். வேகஸ் என்ற நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் போடுவது அந்த நேரத்தில்தான். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில் ஐந்து நிமிடம் போதும். அத்தையைப் படுக்கவைத்தபின் படபடப்பு அடங்க உதவும். ஆனால் அது குடத்தில் இருக்கும் ஓட்டையை அடைக்காது, வழிந்த தண்ணீரைத் துடைக்கும். ஓட்டையை அடைக்கக் கோயம்புத்தூருக்குத்தான் போன் போடவேண்டும்.

இரண்டாம் ஷிப்ட் (வெள்ளி, இரவு 10.20)

போடும்போது "கஷ்டமா இருக்கு" என்று சொல்லாதீர்கள், ஆறுதல்தான் கிடைக்கும். தேதி கேளுங்கள். "5ஆம் தேதியிலிருந்து 19 வரை வா, ராத்திரி நீ படு." அப்புறம் தாழ்ப்பாளில் ஒரு கொலுசு கட்டிவிடுங்கள். சத்தம் வந்தால் எழுந்தால் போதும் என்று உடம்புக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அப்பா கட்டிலில் மாட்டு மணி கட்டியிருந்தோம், அவருக்கே அதில் பெருமை.

கொல்லைப்புறம் (23 நாள் கழித்து, ஞாயிறு, மதியம் 1.30)

பலபேர் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். யூரினில் கிருமி இருந்தது. ஒரு வாரம் மருந்து கொடுத்தோம், ராத்திரி எழுவது வாரத்தில் ஐந்திலிருந்து இரண்டுக்கு இறங்கியிருக்கிறது. அம்மா வந்து நிற்பது மட்டும் நிற்கவில்லை.

நாத்தனாரிடம் தேதி சொன்னேன். முதலில் அழுதாள், பிறகு கோபப்பட்டாள், பிறகு வீட்டுக்காரரிடம் "அண்ணி ஏன் இப்படி மாறிட்டாங்க" என்றாளாம். கடைசியில் பதினைந்து நாள் வந்து இருந்தாள். முதல் ராத்திரி நான் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். இரண்டரைக்கு டாண் என்று விழிப்பு. கொலுசு சத்தம் கேட்டது. எழுந்து போகாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அவள் எழுந்து "வாம்மா, பாட்டி காலைல வருவா" என்று சொல்வது கேட்டது. நான் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததைவிட நல்ல பதில். நாலு ராத்திரி அப்படியே விழித்து விழித்துப் படுத்தேன். ஐந்தாம் நாள் கண்ணைத் திறந்தால் வெயில் அடிக்கிறது, பையன் ஸ்கூலுக்கே போய்விட்டான்.

அவள் போன பிறகு, வீட்டுக்காரர் சனி ஞாயிறு ஹாலில் படுக்கிறார். சனிக்கிழமை அவர் குறட்டையில் கொலுசு கேட்காமல் போய் அத்தை வாசல் வரை போய்விட்டார், வாசல் கேட் பூட்டியிருந்ததால் தப்பித்தோம். சண்டை நடந்தது. ஆனாலும் இந்த வாரமும் அவர்தான் படுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

சந்தேகப்பேர்வழி (ஞாயிறு, மதியம் 2.10)

மகிழ்ச்சி. விரல் என்ன ஆச்சு? அறிவியல் ஆர்வத்தில் கேட்கிறேன்.

கொல்லைப்புறம் (ஞாயிறு, மதியம் 2.18)

மூடிவிட்டது, தழும்பு மட்டும் இருக்கிறது. ஆனால் இரும்பு மாத்திரை சாப்பிடுகிறேன், தூங்கினேன், பதினைந்து நாளும் பாத்திரம் நாத்தனார்தான் கழுவினாள். எதனால் ஆறியது என்று உங்களுக்கு நிரூபித்துக் காட்ட இன்னொரு விரலை வெட்டிக்கொள்ள முடியாது சார்.